தங்கபுஷ்பத்துக்கு முட்டும்போது

தாழையூரணியில் எட்டு நாளைக்கு ஒருமுறை வர வேண்டிய குடிதண்ணீர் பதினோராவது நாளும் வராமல், தெருக்குழாய்களுக்கு முன்னால் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றுகொண்டிருக்க, குடத்துக்குச் சொந்தக்காரிகள் எல்லாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருந்த ஓர் ஆடிச் செவ்வாயன்று, காலை பத்தேகால் மணிக்கு, கடைவீதியில் ஜாக்கெட் தைக்கிற தங்கபுஷ்பத்துக்கு ஒண்ணுக்கு முட்டியது; அதே நிமிஷம் ஊரிலிருந்த நூற்றுப் பன்னிரண்டு குழாய்களிலும் தண்ணீர் வந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டுக்கொண்டு நின்றால் பின்னால் இருக்கிறவள் குடத்தை முன்னால் தள்ளிவிடுவாளே, அதற்கெல்லாம் எங்கே நேரம்.

தங்கபுஷ்பத்துக்கு முட்டுவது ஒன்றும் புதுசில்லை. ஆறு வருஷமாக இருபது நிமிஷத்துக்கு ஒருதரம், நல்ல நாள் என்றால் அரைமணிக்கு ஒருதரம், தைத்துக்கொண்டிருக்கிற கையை அப்படியே விட்டுவிட்டு, ஊசி துணியில் குத்தி நிற்க, கடைக்குப் பின்னால் இருக்கிற சந்துவழியாக எண்ணெய்ச் செக்குக் கொட்டகையின் கக்கூசுக்கு ஓடுவாள், போனால் அரைச் செம்புகூட வராது, திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்து இரண்டு தையல் போடுவதற்குள் மறுபடி முட்டும். முட்டுவது என்றால் மெல்லச் சொல்லிவிட்டு வருவதில்லை. வீட்டுக் கதவில் சாவியை நுழைத்துத் திருகினால் போதும், அந்தக் கிளிக் சத்தத்துக்கே அடிவயிறு பிடுங்கிக்கொண்டு வரும், கதவைத் திறக்கிறதா சேலையைத் தூக்குகிறதா என்று தெரியாமல் நிலைப்படியிலேயே நனைந்து நின்ற நாளும் உண்டு. அதனால் கறுப்பு, அரக்கு, கரும்பச்சை தவிர வேறு சேலை அவள் கட்டுவதில்லை. கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் ஓர நாற்காலி. சாவு விழுந்த துஷ்டி வீட்டில் வாசலோடு சரி. இருபது நிமிஷத்துக்கு மேல் போகிற பஸ்ஸில் ஏறி ஆறு வருஷம் ஆகிறது.

ஐம்பத்திரண்டு வயசு. வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். இந்தச் சங்கடத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் சுகர் என்பார்கள், இல்லாவிட்டால் சிரிப்பார்கள். மருந்துக்கடையில் போய் நீர்க்கடுப்பு என்று பொய் சொல்லி மாத்திரை வாங்கித் தின்றாள். யாரோ சொன்னார்கள் என்று நெருஞ்சில் கஷாயம் குடித்தாள், அது பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆக்கிவிட்டது. கடைசியில் தண்ணீர் குடிப்பதையே விட்டுப் பார்த்தாள், அப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. சரி, இதுதான் நம் தலையெழுத்து என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

குழாய்க்கும் அவளுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் கண்டுபிடித்தது பக்கத்துப் பூக்கடை ஜெயக்கொடி. பூத் தொடுக்கிறவளுக்குக் கை வேலை பார்க்கும், கண் சும்மாதான் இருக்கும். தங்கபுஷ்பம் எழுந்து சந்துக்குள் ஓடும்போது கடைமுன் குழாய் களகளவென்று கனைத்துக்கொண்டு தண்ணீரைக் கக்குவதையும், அவள் கக்கூசுக்குள் போய் உட்கார்ந்ததும் நின்றுபோவதையும் புதன்கிழமை ஒன்பது தடவையும் வியாழக்கிழமை பதினோரு தடவையும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து குழாய்க்கடியில் வைத்து, தங்கபுஷ்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியது. குடம் நிறைந்தது. ஜெயக்கொடி அடுத்த குடத்தை எடுத்துவரப் போனாள்.

தண்ணீர் திறந்துவிடுகிற சுடலைமணி மேல்நிலைத் தொட்டிக்குப் போய்ப் பார்த்தார். வால்வு பூட்டிக் கிடந்தது, சாவி அவர் அரைஞாண் கயிற்றில் கிடந்தது, தொட்டிக்குள் எட்டிப்பார்த்தால் பல்லி ஓடியது. இறங்கிவந்து டீக்கடையில் உட்கார்ந்து, "சில ஊருக்கு ஆறு இருக்கு, சில ஊருக்கு அணை இருக்கு, நமக்குத் தங்கபுஷ்பம் இருக்கு," என்று சொன்னார், அதோடு விஷயம் முடிந்துபோனது. பேரூராட்சி அலுவலகத்தில் மட்டும் கொஞ்சம் குழம்பினார்கள், தண்ணீர் வந்த விவரத்தைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல். செயல் அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'இதர ஆதாரம்' என்று எழுதச் சொன்னார். தாலுகாவுக்குப் போகிற அறிக்கையில் தாழையூரணிக்குத் தினமும் தண்ணீர் என்று ஏறியது.

அப்புறம் ஊர் மாறியதைப் பார்க்க வேண்டுமே. வருஷக்கணக்கில் தூசி தட்டி மடித்துவைத்திருந்த போர்வைகளையெல்லாம் துவைத்துக் கொடியில் போட்டார்கள், டீக்கடையில் கிளாஸைக் கழுவிவிட்டுக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு வேளை குளித்து ஒரு நிறம் கூடிப்போனார்கள், வாசலுக்கு வாசல் கனகாம்பரம் வைத்தார்கள், பெண் கொடுக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போன வெளியூர்க்காரர்கள் திரும்பிவந்து தாம்பூலம் மாற்றினார்கள். எல்லாம் தங்கபுஷ்பத்தின் அடிவயிற்றிலிருந்து. அவளுக்கு மரியாதை கூடியது. காலை ஒன்பதரைக்கு ஒரு டீ வந்தது, பத்தரைக்கு மோர், பதினொன்றுக்கு யாராவது தர்பூசணி அறுத்து உப்பு தூவிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். பாவம், அன்பு என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள்.

எவ்வளவு நேரம் அடக்குகிறாளோ அவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்பதை ஊர் கண்டுபிடித்த நாளிலிருந்து அவளுக்குச் சனி பிடித்தது. அவள் எழுந்தால் நாலு பெண்கள் எழுந்தார்கள். கொஞ்சம் பொறுத்துப் போங்க என்றார்கள், இன்னும் ரெண்டே குடம் என்றார்கள், பிள்ளைத்தாச்சி வீடு பாருங்க என்றார்கள், நாங்க உங்களுக்கு என்ன குறை வைத்தோம் என்றார்கள். குழாயடி வரிசை நீண்டு நீண்டு சந்துக்குள் திரும்பி, கக்கூசு வாசல்வரைக்கும் குடங்களாக நின்றது. தாழையூரணியில் வரிசையில் வைத்த குடத்தை அடுத்தவள் தொட்டால் கொலை விழும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதனால் தங்கபுஷ்பம் குடத்தை நகர்த்தாமல், இரண்டு கையாலும் சேலையைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் குடத்தைத் தாண்டி, நீலக் குடத்தைத் தாண்டி, கால்வைக்க இடம் தேடித் தேடி, பல்லைக் கடித்துக்கொண்டு போவாள், அந்த நேரமெல்லாம் நூற்றுப் பன்னிரண்டு குழாயும் கொட்டிக்கொண்டிருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் கக்கூசுக் கதவுக்கு நாலடி முன்னால் ஜெயக்கொடி குறுக்கே நின்றாள். அந்தப் பச்சைக் குடம் முக்கால் நிறைந்திருந்தது.

"மதினி, கழுத்துவரைக்கும் வந்திருச்சு. ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு பெரிசு என்று குடம் நிறைகிறவளுக்குத் தெரியாது. அந்த நாலடியில், அத்தனை பேருக்கு நடுவில், தங்கபுஷ்பத்துக்கு விட்டுப்போனது. கால் வழியாக இறங்கித் தரையில் ஓடியது. ஆனால் சந்து முழுக்கக் குடம் தளும்பிச் சேறாகக் கிடந்தது, எல்லாருடைய சேலையும் முழங்கால்வரை நனைந்திருந்தது, அதனால் ஒருத்தரும் கவனிக்கவில்லை, குழாய் நின்றுபோச்சே என்றுதான் சலித்துக்கொண்டார்கள். அவமானப்படக்கூட இடம் கொடுக்காத ஊர். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விக்கி விக்கி அழுதாள் தங்கபுஷ்பம். ஜெயக்கொடி மேல்தான் அவளுக்கு ஆத்திரம். இருபது வருஷமாக ஒரே டம்ளரில் டீ பங்கு போட்டுக் குடித்தவள், ஒரு குடத்துக்காக மறித்து நின்றாளே.

அன்று சாயங்காலம் திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி போன் பண்ணினாள். இரண்டாவது பிள்ளை மார்கழிக் கடைசியில் பிறக்கும் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில். அது தாழையூரணியில் நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது புருஷன் வீட்டில். பெற்றவள்தான் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று மாசம் கூட இருக்க வேண்டும். சுகந்திக்கு மாமியார் கிடையாது. மகள் வீட்டுப் பால் காய்ப்புக்குத் தங்கபுஷ்பம் போகவில்லை, காய்ச்சல் என்றாள். பேரனுக்குக் காது குத்தினபோது போகவில்லை, கால் பிசகிவிட்டது என்றாள். ஏழுமணி நேரப் பஸ்ஸை நினைத்தாலே அவளுக்கு முட்டும்.

"பொய் சொல்றதுன்னா இப்பவே சொல்லிரும்மா," என்றாள் சுகந்தி. "நான் வேற ஆள் பார்த்துக்கிறேன். கடைசி நேரத்துல சொல்லாத."

"வாரேன். ஏழு கடல் தாண்டியாவது வாரேன், நீ ஒடம்பைப் பாத்துக்க," என்றாள் தங்கபுஷ்பம். போனை வைத்ததும் அந்தப் பஸ்ஸை நினைத்தே முட்டியது. அன்றைக்கு ஊரில் இருபத்தஞ்சு நிமிஷம் தண்ணீர் வந்தது என்று சுடலைமணி எழுதிவைத்தார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பஸ் இருபத்தஞ்சு நிமிஷம், அவளுடைய எல்லை இருபது. பாதி வழியில் இறங்கி வேலிக்கருவை மறைவில் ஒதுங்கிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, மறுபடி ஏறிப் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் ஹசீனா பானு சின்னப் பெண், சுகந்தி வயசுதான் இருக்கும். எத்தனை வருஷமாக என்று கேட்டார். ஆறு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், ஏன் முன்னாலேயே வரவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவரைத் தங்கபுஷ்பத்துக்குப் பிடித்துப்போனது. சிறுநீர் சோதித்து, சர்க்கரை பார்த்து, ஸ்கேன் எடுத்து, கிருமியும் இல்லை சர்க்கரையும் இல்லை கல்லும் இல்லை என்று பார்த்து முடிக்கிற நேரத்தில் அவளுக்கு முட்ட, அறைமூலையிலிருந்த குழாய் தானாகக் கொட்ட ஆரம்பித்தது. டாக்டர் திருகிப் பார்த்தார், நிற்கவில்லை. சரி ஓடட்டும் என்று ஒரு வாளியைப் பிடித்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்.

"உங்க மூத்திரப்பை நல்லாத்தான் இருக்கு. நிறையிறதுக்கு முன்னாலயே நிறைஞ்சிட்டேன்னு கத்துது. நீங்களும் கத்தின உடனே எழுந்து ஓடி ஓடி, கத்தினா ஆள் வரும்னு அதுக்குப் பழக்கிட்டீங்க."

"நான் என்னம்மா செய்யட்டும், அது என்னைக் கேட்டுட்டா வருது?"

"இனிமே வந்தா ஓடாதீங்க. இருந்த இடத்துல அசையாம இருங்க. அடக்குற சதையை இறுக்கி இறுக்கி விடுங்க, பத்து எண்ணுங்க. ஒரு அலை மாதிரி ஏறும், கண்டிப்பா இறங்கும். இறங்கினப்புறம் நடந்து போங்க. முதல்ல அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடுங்க, அப்புறம் பத்து."

டீயைக் குறைக்கச் சொன்னார், தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றார், ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து வாய் உலரும், பயப்பட வேண்டாம் என்றார். கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து எத்தனை மணிக்கு முட்டியது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தாள் என்று தினமும் குறிக்கச் சொன்னார். எட்டு வாரம் விடாமல் செய்தால் ஏழுமணி நேரப் பஸ் முடியுமா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். நடுவில் இரண்டு இடத்தில் இறங்கிக்கொண்டால் முடியும் என்றார் டாக்டர். இரண்டே இடம். அவளுக்கு அழுகை வந்தது.

ஊர் திரும்பியபோது கடைவீதியே அவளுக்காகக் காத்திருந்தது. அன்றைக்கு ஒரு சொட்டு வரவில்லையாம். அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊர்க் குழாயில்தான் தண்ணீர் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனீர்கள் என்று ஆளாளுக்கு உரிமையோடு கோபித்துக்கொண்டார்கள். வைத்தியம் என்று சொன்னதும் ஒரு கணம் எல்லா முகமும் செத்தது. அடக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள் என்றதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. அடக்கினால் தண்ணீர் கூடத்தானே வரும்? அடடா, அந்த டாக்டரம்மா நல்லாயிருக்கணும்.

உண்மையில் முதல் மூன்று வாரம் அப்படித்தான் ஆனது. அவள் மிஷினைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ண எண்ண, ஊரில் அண்டா நிறைந்தது, தொட்டி நிறைந்தது, பேருக்கு மட்டும் ஊரணி என்று இருந்த பள்ளத்தில்கூடத் தவளை கத்தியது. மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த அந்தத் தாளை யாரோ போன மாசம் வாங்கின புதுப் போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸாப்பில் போட்டுவிட்டார்கள், சுடலைமணி அதைப் பெரிசாக நகல் எடுத்து அலுவலகப் பலகையில் ஒட்டினார். எட்டு பத்து, எட்டு ஐம்பது, ஒன்பதரை என்று அவளுக்கு முட்டிய நேரங்கள் குடிநீர் வரும் நேரங்களாக அங்கே தொங்கின. தொங்கினதோடு போகவில்லை. "நேத்து பதினொன்னேகாலுக்குன்னு போட்டிருந்துச்சு, இன்னைக்கு பதினொன்னரை ஆகியும் வரலையே," என்று கடை வாசலில் வந்து நின்று நியாயம் கேட்டார்கள். ரயிலைக் கேட்கிற மாதிரி அவளைக் கேட்டார்கள்.

நாலாவது வாரத்தில் டாக்டர் சொன்ன அலை மெய்யாகவே இறங்கியது. பத்து எண்ணி முடிப்பதற்குள் முட்டல் தணிந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். அவளும் மறந்துபோய் ஒரு கை முழுக்கத் தைத்துவிட்டு நிமிர்ந்தால் முக்கால் மணி ஆகியிருக்கும். குழாயும் கனைக்கும், பத்து எண்ணுவதற்குள் நின்றுபோகும். கட்டங்களில் நேரம் தள்ளித் தள்ளிப் போனது. ஒருமணிக்கு ஒருதரம், ஒன்றரை மணிக்கு ஒருதரம். மாத்திரையில் அவள் வாய் உலர்ந்தது, ஊரும் உலர்ந்தது. கனகாம்பரம் வாடிற்று, போர்வைகள் மடித்து உள்ளே போயின, டீக்கடைக்காரர் கிளாஸை ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். டீ, மோர், தர்பூசணி இரண்டு மடங்காக வந்தன. அவள் கும்பிட்டு எல்லாவற்றையும் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிட்டாள். அவள் தைக்கிற நேரம் பார்த்து எதிர்த்த கடையில் சொட்டுச் சொட்டாக வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள், சத்தம் கேட்டால் வருமாம். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்தாள்.

கார்த்திகையில் கூட்டம் போட்டார்கள். நாலைந்து வார்டு உறுப்பினர்களும் செயல் அலுவலரும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை ஒன்று போட்டு, மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவள் கடைக்குப் பக்கத்திலேயே டைல்ஸ் போட்டுக் கக்கூசு கட்டித்தருவதாகச் சொன்னார்கள். ஆறு வருஷமாக அந்தக் கடைவீதிப் பெண்கள் எல்லாரும் மனுப் போட்டுக் கேட்ட கக்கூசு. தங்கபுஷ்பம் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு பொம்பளை மூத்திரத்தை நம்பியா ஒரு ஊரு இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லாரும் மேஜைமேல் கிடந்த மாலையைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். கக்கூசை மட்டும் ஒன்பது நாளில் கட்டினார்கள். கட்டிப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்ச் சுடலைமணி அரைஞாணில் கோத்தார்கள். அவரைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கி வருகிறவரைக்கும் அடக்கித்தானே ஆக வேண்டும், அதற்குள் நாலு குடம் தேறும் என்று யாருடைய மூளையோ கணக்குப் போட்டிருக்கிறது. தங்கபுஷ்பம் அந்தக் கதவைத் தொடவேயில்லை. சந்துவழியாக நடந்து போனாள். ஓடவில்லை, நடந்து போனாள்.

மார்கழி பதினெட்டாம் தேதி காலை ஏழுமணிக்குத் திருப்பூரிலிருந்து மருமகன் கூப்பிட்டார். நாள் முந்திக்கொண்டது, பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், சுகந்தி உங்களைத்தான் கேட்கிறாள். தங்கபுஷ்பம் ரெண்டு மாசமாகக் கட்டிவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, எட்டரை மணி மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக ஜன்னலோரம்.

பஸ் நகர்ந்து நூறு அடி போகவில்லை, நின்றுவிட்டது. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரைக்கும் காலிக்குடங்கள். தண்ணீர் வராவிட்டால் காலிக்குடத்தை வைத்துச் சாலை மறிப்பது எல்லா ஊருக்கும் வழக்கம்தான். ஆனால் எல்லா ஊரிலும் கலெக்டர் வரவேண்டும் என்று மறிப்பார்கள், தாழையூரணியில் தங்கபுஷ்பம் போகக்கூடாது என்று மறித்தார்கள். மூன்று மாசம் அவள் இல்லாவிட்டால் குடிக்க என்ன செய்வது? பின்னால் இருந்த பெண்கள் கோஷம் போடவில்லை, அழவில்லை, குடத்தை வைத்துவிட்டு முக்காடு போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். முன்வரிசை நடுவில் அந்தப் பச்சைக் குடமும் ஜெயக்கொடியும். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார், கண்டக்டர் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்து, தண்ணி வந்தாத்தான் எடுப்பாங்களாம், எத்தனை மணி ஆகுமோ என்று சலித்துக்கொண்டே சீட்டில் சாய்ந்தார். தங்கபுஷ்பத்தின் போன் அடித்தது. மருமகன். வலி கூடிவிட்டது, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் அத்தை?

எட்டு வாரத்துக்கு மேல். வாய் உலர, கண் இருள, எண்ணி எண்ணி, இறுக்கி இறுக்கி, கட்டம் கட்டமாக எழுதி, அவள் அடக்கிப் படுக்கவைத்த ஒன்று அடிவயிற்றில் அமைதியாகக் கிடந்தது. அதை எழுப்பினால் திரும்பப் படுக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஏழுமணி நேரம் முன்னால் கிடக்கிறது. வந்தது வரட்டும் என்று பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்தாள். கண்ணுக்கு நேராகப் பிடித்து, தன் வீட்டுக் கதவை நினைத்து, அந்தத் துளைக்குள் நுழைத்து, ஒரு திருகு திருகுகிற மாதிரிக் கையைத் திருப்பினாள்.

முட்டியது பாருங்கள், ஆறு வருஷத்தில் அப்படி முட்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக் குழாய் திருகோடு பிய்த்துக்கொண்டு போனது, கடைவீதிக் குழாய் கனைத்தது, கீழத்தெரு மேலத்தெரு பள்ளிக்கூடத்தெரு என்று நூற்றுப் பன்னிரண்டு குழாயும் ஒரே மூச்சில் திறந்துகொண்டு ஊரே சலசலக்க, முக்காடு போட்டு நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், குடத்தைப் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருத்தி குனிந்து தன் குடத்தை எடுத்தாள், அவ்வளவுதான், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ரோடு ஓடிக் காலியானது. டிரைவர் கியரைப் போட்டார். நடுரோட்டில் பச்சைக் குடம் மட்டும் நின்றது.

ஜெயக்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போகவில்லை. பஸ்ஸோரமாக வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"உனக்கு மட்டும் தண்ணி வேண்டாமா?" என்றாள் தங்கபுஷ்பம், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மதினி, அந்த டாக்டரம்மா எந்தக் கிழமை இருப்பாங்க?"

தங்கபுஷ்பம் அவளைப் பார்த்தாள். அரக்குச் சேலை. யோசித்துப் பார்த்தால் ஜெயக்கொடியும் கறுப்பும் அரக்கும் தவிர வேறு கட்டி அவள் பார்த்ததில்லை. பூக்கடையில் சந்துக்குப் போகிற ஓரமாகவேதான் அவள் உட்கார்ந்திருப்பாள், வெயிலடித்தாலும் இடம் மாறமாட்டாள்.

"எத்தனை வருஷமா?"

"பதினொன்னு. கடைசிப் பய பிறந்ததுலேர்ந்து."

"பாவி, அப்படி இருந்துமா அன்னைக்கு என்னை மறிச்சே?"

"நீங்க அடக்குறதைப் பார்த்துத்தான் மதினி நானும் அடக்கிக்கிட்டு நின்னேன்," என்றாள் ஜெயக்கொடி. "எனக்கு முட்டினா ஒரு குழாயும் வரல. அதனால யாருக்கும் தெரியல."

பஸ் உறுமியது. தங்கபுஷ்பம் ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து, கடைசியில் நிரப்பாமல் மிச்சமிருந்த கட்டங்கள் மேலே தெரிகிற மாதிரித் திருப்பிக் கொடுத்தாள். செவ்வாயும் வெள்ளியும், மாடியில் ஏழாம் நம்பர் அறை, பாதி வழியில் இறங்கினால் பயப்படாதே அடுத்த பஸ் வரும் என்று நகர்கிற பஸ்ஸிலிருந்தே சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் அவளுக்கும் அந்த முட்டலுக்கும் நடந்ததுதான் சண்டை. பந்தல்குடியில் டீக்கடைக் குழாய் தானாகக் கொட்டியது, பாளையங்களிலும் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குகளிலும் பஸ் கடந்துபோன ரோட்டோரக் குழாய்களில் எல்லாம் தண்ணீர் பீறிட்டது, வயலுக்குப் போகிறவர்கள் நின்று கைகாலைக் கழுவிக்கொண்டு போனார்கள். தங்கபுஷ்பம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல், ஓடாமல், இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, ஒன்று, இரண்டு, மகள் பிறந்தபோது பெய்த மழை, மூன்று, சீ மழையை நினைக்காதே, நாலு, வறண்ட கம்மாய், ஐந்து, கருவேலங்காய், ஆறு என்று எண்ணி, பத்து முடிந்து, மறுபடி பத்து முடிந்து, எத்தனை பத்து என்று அவளுக்கே தெரியாமல் போன நேரத்தில் அருப்புக்கோட்டை வந்தது. அலை அதன் உச்சியில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இறங்கியது. காரியாபட்டி தாண்டும்போது குழாயடியில் ஒருத்தி காலிக்குடத்தோடு சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள், பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மதுரைவரைக்கும் தூங்கினாள். மதுரையில் இறங்கி, அவசரமில்லாமல் நடந்துபோய், கை கழுவி, முகம் கழுவி, அடுத்த பஸ் ஏறினாள். தாராபுரத்தில் இன்னொரு தடவை. ரெண்டே இடம்.

திருப்பூர் ஆஸ்பத்திரியில் அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஒருமணி நேரம் ஆகியிருந்தது. பெண். சுகந்தி அம்மாவைப் பார்த்ததும் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஜெயக்கொடி தைக் கடைசியில் போன் பண்ணினாள். தங்கபுஷ்பம் போன மறுநாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல், குடங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கே போய் வரிசையாக வைத்தார்களாம். அங்கே விசாரித்தால், ஆடி மாசமே பெரிய குழாய் ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. பதிவேட்டில் தினமும் தண்ணீர் என்று இருந்ததால் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. இப்போது ஒட்டியாயிற்று, பழையபடி எட்டு நாளைக்கு ஒருதரம், சிலசமயம் ஆறு. புதுக் கக்கூசுப் பூட்டைக் கடைவீதிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கல்லால் உடைத்துவிட்டார்களாம்; அத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று யார் நினைத்தார்கள் மதினி, என்றாள். தான் இப்போது ஏழு நிமிஷம் தாக்குப்பிடிப்பதாகவும் சொன்னாள். மதினி சொன்ன மாதிரியே பாதி வழியில் இறங்கினாளாம்.

போனை வைத்துவிட்டுத் தங்கபுஷ்பம் பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பொங்கலுக்கென்று மருமகன் எடுத்துக் கொடுத்திருந்த எலுமிச்சை நிறப் பட்டு. வெளிர் நிறம் கட்டி எத்தனை காலம். பிள்ளை கையைக் காலை உதறி, முகத்தைச் சுருக்கி, மடியில் வெதுவெதுப்பாகப் பெய்தது. ஐயோ பட்டு, பட்டு என்று சுகந்தி பதறிக் கை நீட்டினாள். தங்கபுஷ்பம் ஓரக்கண்ணால் அறைமூலையைப் பார்த்தாள். வாஷ்பேசின் குழாய் சும்மா இருந்தது. ஒரு சொட்டுக்கூட இல்லை.

"இருக்கட்டும்," என்றாள். "எனக்கு எந்திரிக்க ஒரு அவசரமும் இல்ல."